காதில் ஊற்றிய தண்ணீர்

ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட முதல் நிபந்தனை. வண்டியை விட்டு அது இறங்கிய கையோடு மகிழினி அதற்கு ஆம்லெட் என்று பெயர் வைத்துவிட்டாள். ஏழு வயதாகிறது, முட்டையை வாயில் வைத்ததில்லை. எதிர்வீட்டில் ஆம்லெட் போடுகிற வாசனை வந்தால் போதும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உலகத்திலேயே அருமையான பொருள் எதுவோ அதன் பெயரைத்தான் வைத்தாள். அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மேய்கிற கன்னி இனத்து ஆட்டுக்கும் இந்தக் கிடாக்குட்டிக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காதில் குத்தியிருந்த எண்ணும் முன்னங்காலில் மாட்டியிருந்த பட்டையும் இல்லாவிட்டால் யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வித்தியாசமெல்லாம் உள்ளே இருந்தது. அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது மகிழினியின் ஈரல்.

இதை அவள் அம்மா செவ்வந்திக்குப் புரியவைக்க டாக்டர் ஜெபசிங் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனுஷர் பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்.

"உங்க பிள்ளை ஈரல் பாக்க நல்லாத்தாம்மா இருக்கு. எல்லா வேலையும் பாக்குது. ஒரு வேலை மட்டும் அதுக்குத் தெரியாது. பருப்பு, பால், முட்டை, கறி, எதைத் தின்னாலும் அது செரிக்கையில அம்மோனியான்னு ஒரு விஷம் உண்டாகும். நம்ம ஈரல் அதை உடைச்சு மூத்திரத்துல அனுப்பிரும். இவ ஈரலுக்கு அனுப்பத் தெரியல. விஷம் நேரா மூளைக்குப் போகுது. பிள்ளை சொக்கி விழுது."

சொக்குவதைப் பற்றி அவர் சொல்லி செவ்வந்தி தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதலில் பிள்ளையின் பேச்சு குழறும். பிறகு எங்கே நிற்கிறாளோ அங்கே சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அதற்குப் பிறகு மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். முதல் தடவை, ஊரெல்லாம் செய்கிறாற்போல் பருப்பும் நெய்யும் பிசைந்து ஊட்டியதில் வந்தது. இரண்டாம் தடவை பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைச் சுண்டல். மூன்றாவதற்குக் காரணமே இல்லை, வெறும் காய்ச்சல். மூன்றாவது முறை எழுந்தபோது பிள்ளைக்கு எண்ணத் தெரிந்திருந்த நூறு வரைக்குமான எண்களில் பாதி போயிருந்தது. இன்னொரு தடவை வந்தால் பிள்ளையே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

செவ்வந்தியின் புருஷன் சுடலைமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னான். "அக்கா மகளத்தான் சார் கட்டியிருக்கேன். எங்கள்ல அந்நியத்துல போற வழக்கமே கிடையாது."

உண்மைதான். செவ்வந்திக்கு அவன் பிறந்ததிலிருந்தே மாமா. அவளுடைய அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. தொட்டிலில் கிடந்தபோதே இன்னாருக்கு இன்னார் என்று பேசி வைத்துவிட்டார்கள். நிலம் வெளியே போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது என்று கட்டிக் காத்ததில் இந்தக் கோளாறும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மகிழினிக்கு முன்னால் பிறந்த பையன் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். அப்போது அதற்கு, பச்சைப்பிள்ளைகளுக்கு வருகிற சீர் தட்டிவிட்டது என்று பெயர். எந்தச் சீரென்று யாரும் கேட்கவில்லை.

"பிள்ளை தோல்ல கொஞ்சம் எடுப்போம்," என்றார் டாக்டர். "அதுல இருக்குற பிழையத் திருத்துவோம். சொந்தமா ஈரல் வளராதபடி செஞ்ச ஆட்டுக் கருவுக்குள்ள அதை விட்டா, ஆடு இவ ஈரலோட பிறக்கும். ஆட்டு ஈரல் இல்லம்மா, மனுஷ ஈரல். இவளோடதே. ஒரு வருஷத்துல இவ வயித்துக்குச் சரியான அளவுக்கு வந்துரும். அடுத்த ஆள் ஈரல வச்சா ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணும். இதுக்கு அது வேண்டாம்."

"ஆட்ட ஏன் சார் எங்க வீட்டுல வளக்கணும்?" என்று கேட்டான் இசக்கிராஜ். அவன் செவ்வந்தியின் அண்ணன். தாய்மாமன் இல்லாமல் அந்த வீட்டில் எந்தக் காரியமும் நடக்காது, டாக்டரைப் பார்க்கிற காரியம் உட்பட.

"பிள்ளை புழங்குற தூசு, கிருமி, மூச்சுக்காத்து எல்லாம் அந்த ஈரலுக்குப் பழகணும். எங்க பண்ணையில வளந்தா நாளைக்கு உள்ள வைக்கும்போது உடம்பு யாருடா நீன்னு கேட்டுரும்." டாக்டர் செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்கம்மா. திருத்துன அணுவும் திருத்தாத பழைய அணுவும் அந்த ஈரலுக்குள்ள கலந்துதான் கிடக்கும். திருத்துனது ஜெயிச்சா நல்லது. பழசு ஜெயிச்சா அந்த ஆட்டுக்கும் உங்க பிள்ளை சீக்குதான். அதனால நாங்க குடுக்குற தீவனம் மட்டும் போடுங்க. நடுவுல ஒரு நாள் நாங்களே வந்து சத்தான தீனி குடுத்துச் சோதிச்சுப் பாப்போம். அதுல தேறினாலும், பிறகு பழசு தலைதூக்கலாம். ஆடு எப்பவாவது மந்தமா நின்னா உடனே போன் பண்ணுங்க. அந்த ஆட்ட விட்டுட்டு வேற குட்டிக்கு ஏற்பாடு பண்ணுவோம்."

"வேற குட்டின்னா?"

"மறுபடி முதல்லருந்து. ரெண்டு வருஷம் ஆகும்."

அவர் சொன்னதில் செவ்வந்தியின் காதில் கடைசி வரை நின்றது அந்த ரெண்டு வருஷம்தான்.

எழுந்திருக்கும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "ஈரலத்தான் மாத்துதோம். பிள்ளை பெரியவளாகிப் பெறப்போற பிள்ளைக்கு இது மாறாது. அவளையும் சொந்தத்துல குடுத்துராதீங்க."

"அதெப்பிடி சார்," என்று சிரித்தான் இசக்கிராஜ். அவனுக்கு ஒரு பையன் இருந்தான். மகிழினி பிறந்த அன்றைக்கே முறை பேசியாகிவிட்டது.

ஆம்லெட் வந்தபிறகு ஒரே வீட்டில் இரண்டு பத்தியக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கு ஆஸ்பத்திரி மூட்டையில் வந்த உருண்டைத் தீவனம், அட்டையைக் கடிப்பது மாதிரி இருக்கும். இவளுக்கு நிறுத்துப் போட்ட சோறு, மரவள்ளி மாவில் சுட்ட தோசை, மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிற மருந்துப் பால். ஆடு பிள்ளையின் தட்டைப் பார்க்கும், பிள்ளை ஆட்டின் தொட்டியைப் பார்ப்பாள். இரண்டுக்கும் மற்றதின் மேல் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ அப்படி ஒட்டிக்கொண்டார்கள்.

பிள்ளையிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சொல்வது அவர்களுக்குச் சுலபம், பதில் சொல்லுகிறவள் செவ்வந்தி அல்லவா.

"ஆம்லெட் ஈரல எனக்குக் குடுத்துட்டா அது எங்கம்மா போகும்?"

"சாமிகிட்டப் போகும்."

"ஏன் போகணும்? அதுக்கு என் ஈரல வச்சுவிடச் சொல்லலாம்லா? அது தழைதான திங்கும். பருப்பு, முட்டையெல்லாம் அதுக்கு வேண்டாம்லா. என் ஈரலே அதுக்குப் போதும்."

செவ்வந்தி அடுப்பை ஊதுவது போல் குனிந்துகொண்டாள். அடுப்பு மின்சார அடுப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது ஏன் இத்தனை படித்தவர்களுக்குத் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆட்டுக்கு அவ்வளவு செலவு யார் செய்வார்கள் என்று பிறகு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சோதனைக்கு வந்தார்கள். சத்துத் தீனியைத் தின்றுவிட்டு ஆம்லெட் துள்ளிக்கொண்டு திரிந்தது. தேறிவிட்டது என்றார்கள். அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

நாள் நெருங்க நெருங்கச் செவ்வந்திக்கு அந்த ஆட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்டப்போகிற கிடாவைப் பட்டினி போட்டு அனுப்புவது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. கடைசி நாட்களில் வாய்க்கு ருசியாக வைத்துத்தான் அனுப்புவார்கள். இதுவோ வந்த நாளிலிருந்து அட்டையைத் தின்று வளர்ந்த பிராணி. தன் பிள்ளைக்காக உயிரை விடப்போகிறது. சோதனையில்தான் தேறிவிட்டதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஒரு கும்பா நிறைய வைத்தாள். அது தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பாவை நக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. இன்னொரு கும்பா வைத்தாள். மறுநாளும் வைத்தாள்.

அதற்கு மறுநாள், வண்டி வருவதற்கு முந்தின நாள், ஆம்லெட் மாட்டுக்கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது.

செவ்வந்தி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். அருகில் போய்க் கூப்பிட்டாள். காது கூட அசையவில்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நிற்பை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! போனை எடுத்து டாக்டரின் எண்ணைத் தொடப் போனாள். தொட்டால் என்ன ஆகும்? முதலில் புண்ணாக்கு என்பார்கள். நிபந்தனையை மீறினாய் என்பார்கள். பிறகு வேற குட்டி என்பார்கள். ரெண்டு வருஷம். அதற்குள் ஒரு காய்ச்சல் வராதா? ஒரு காய்ச்சல் போதுமே.

புண்ணாக்கைக் கண்டிராத ஆடு, ஒரேயடியாகத் தின்றால் வயிறு உப்பாதா? உப்பினால் மந்தமாக நிற்காதா? எல்லா ஆடும் நிற்கும். அவள் போனை வைத்துவிட்டு ஓமத்தைக் கொதிக்க வைத்தாள்.

"ஆடு என்னளா இப்பிடி நிக்கி?" என்று கேட்டான் சுடலைமணி.

"வயிறு உப்பிருக்கு மாமா. ஓமத்தண்ணி குடுத்திருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிருவமா?"

"சொன்னா ரெண்டு வருஷம் மாமா."

அவன் கொட்டகையைப் பார்த்தான், உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்த வீட்டில் ஆம்பிளைகள் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் சொல்லுகிற முறை அது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. கூடவே மாலையும் மஞ்சள்தண்ணீர்ச் செம்புமாக இசக்கிராஜும் வந்தான். ஆட்டை ஊசி போட்டு மயக்கிக் கண்ணாடி அறையில் அறுக்கட்டும், யார் வேண்டாமென்றது; ஆனால் ஓர் உயிரை எடுப்பதானால் குலசாமி ஒத்தப்பனை மாடனிடம் உத்தரவு வாங்கியாக வேண்டும். மஞ்சள்தண்ணீரை மேலே ஊற்றினால் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் மாடன் சம்மதித்தான். சிலுப்பாமல் எடுத்தால் அது கொலை.

வண்டியில் வந்த கால்நடை டாக்டர் ஷர்மிளா பானு சிறு வயதுப் பெண். அவளுக்கு இது பழகியிருந்தது. "தாராளமா பண்ணுங்கக்கா. பூசைக்கு அரைமணி நேரம் சேத்துத்தான் வண்டியையே அனுப்புறாங்க. இல்லாட்டி எந்த வீட்டுலயும் ஆட்டைத் தர மாட்டேங்கிறாங்க," என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் எதையோ எடுக்கப் போனாள்.

ஆம்லெட்டை வாசலில் நிறுத்தி மாலை போட்டார்கள். தெருவே கூடியிருந்தது. இசக்கிராஜ் மாடனைக் கூப்பிட்டுவிட்டு, தலையிலிருந்து முதுகு வரை மஞ்சள்தண்ணீரை ஊற்றினான். ஆடு நின்றது. தண்ணீர் வயிற்றோரம் வடிந்து தரையில் சொட்டியது. மறுபடியும் ஊற்றினான். அது அப்படியே நின்றது, யாருக்கோ நடக்கிறது என்பது மாதிரி.

"மாடனுக்கு மனசில்லையோ?" என்றாள் எதிர்வீட்டுக்காரி மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

சுடலைமணி தரையில் விழுந்தான். "அப்பனே, ஒரு பிள்ளைய எடுத்துக்கிட்ட. இவளயாவது குடு. இவ பிழைச்சு வந்தா உன் கோயில்லயே கிடா வெட்டுதேன், சொல்லிட்டேன்."

ஆடு சிலுப்பவில்லை.

"அம்மா, ஆம்லெட்டுக்குத் தூக்கம் வருது," என்றாள் மகிழினி. "எனக்கு வருமுல்லா, அந்தத் தூக்கம்."

"ஏட்டி, சும்மா இரு!"

அப்படி ஒரு குரலில் செவ்வந்தி மகளிடம் பேசியதில்லை.

இசக்கிராஜ் தங்கையைப் பார்த்தான். கிடா சிலுப்பாமல் அடம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காதுக்குள் தண்ணீர் விட்டால் எந்த ஆடும் தலையை உதறித்தான் ஆக வேண்டும். எல்லாரும் செய்வார்கள், யாரும் பேச மாட்டார்கள். மாடனும் இத்தனை காலமாகக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தான். ஆனாலும் பெற்றவள் பார்வையில் ஓர் அனுமதி வேண்டியிருந்தது. செவ்வந்தி கண்ணை மூடித் திறந்தாள்.

அவன் மாலையைச் சரிசெய்வது மாதிரி குனிந்து செம்பைச் சாய்த்தான். ஆம்லெட் தலையைப் படபடவென்று உதறியது. பெண்கள் குலவையிட்டார்கள். சுடலைமணி அழுதான். அந்த நேரம் பார்த்து ஷர்மிளா பானு வண்டியிலிருந்து இறங்கினாள்.

"ஆடு நல்லா துறுதுறுன்னு இருக்கே! மந்தமா இருந்தாத்தான் மறுபடி ரத்தம் எடுக்கணும்." கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் ஏதோ தட்டினாள். "நாங்க குடுத்த தீவனம் தவிர வேற எதுவும் போடலயேக்கா?"

"இல்ல," என்றாள் செவ்வந்தி.

சாமியை ஏமாற்றச் செய்த வித்தை சயின்ஸையும் சேர்த்து ஏமாற்றிவிட்டது. இரண்டுக்கும் அன்று வேண்டியிருந்தது ஒரே பதில்தான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புது ஈரலை மகிழினியின் உடம்பு யாரென்றே கேட்கவில்லை. பழைய ஈரலை ஆஸ்பத்திரி வழக்கப்படி எரித்துவிட்டார்கள். சில வாரம் படுக்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி பால், ஒரு கரண்டி பருப்புத்தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார்கள். டாக்டர் ஜெபசிங் செவ்வந்தியின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னபோது அவளுக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அந்தச் சுவரும் அந்த நெற்றியும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது உண்மை. வயிற்று உப்புசம்தான் என்று அன்றைக்கு அவள் பூரணமாக நம்பினாள். பின்னே, பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறதே!

வீட்டுக்கு வந்த வாரத்தில் எதிர்வீட்டுக்காரி சுடச்சுட ஆம்லெட் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மகிழினி தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எத்தனை கெஞ்சியும் திறக்கவில்லை. "நான் ஆம்லெட்டத் திங்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்து அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழு வருஷம் ஆசைப்பட்ட பண்டம் அவளுக்கு இல்லையென்றே ஆகிவிட்டது.

மாதம் மூன்று போனது. எல்லாரும் தின்பதை அவளும் தின்னலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மோனியா அளவைப் பார்க்க வைத்திருந்த ரத்தச் சோதனைக் கருவி இனி எதற்கு என்று செவ்வந்தி அதை அதே சீக்குள்ள இன்னொரு பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். சாப்பிட்ட பிறகு மகிழினி சில நாள் கொஞ்சம் அசந்து படுப்பாள். ஆபரேஷன் பண்ணின உடம்பு, அசராதா? சுடலைமணி வேண்டுதலை நிறைவேற்ற நாள் பார்த்தான்.

ஒத்தப்பனை மாடன் கோயிலில் சொந்தமெல்லாம் கூடியது. விலைக்கு வாங்கிய கிடா ஒன்றை நிறுத்தினார்கள். இசக்கிராஜ் செம்பைச் சாய்த்து முதல் சொட்டு மேலே பட்டதுதான் தாமதம், அது மூக்கிலிருந்து வால் வரை உடம்பை ஓர் அலை போலச் சிலுப்பிக் கூட்டத்தின் மேலெல்லாம் தண்ணீரைத் தெறிக்கவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டே குலவையிட்டார்கள். செவ்வந்தி முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல் நின்றாள். ஒரு ஆடு சிலுப்புவது என்றால் இதுதான். ஆம்லெட் இப்படிச் சிலுப்பவில்லை. அதன் காது மட்டும்தான் உதறிக்கொண்டது. உடம்பு கல்லாக நின்றது.

இலை போட்டார்கள். இசக்கிராஜ் ஈரலைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவி, தாய்மாமன் கையாலேயே ஊட்டுவேன் என்று மகிழினியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மாமா, இது ஆம்லெட்டா?"

"சீ, இல்லட்டி."

"அதுக்குச் சொந்தக்காரங்களா?"

"இல்ல, இல்ல. இது அந்நியம்," என்று சொல்லி இசக்கிராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அதைக் கேட்டபிறகுதான் பிள்ளை வாயைத் திறந்தாள். தின்னத் தின்ன ஊட்டினான். ஈரலுக்கு மேல் கறி, கறிக்கு மேல் அவித்த முட்டை, கடைசியில் தயிர். அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். "என் மருமக இனிமே எல்லாத்தையும் திம்பா," என்றான் இசக்கிராஜ் சபைக்குக் கேட்கும்படி. "நாளைக்கு என் வீட்டுக்கு வந்து எனக்கே கறிச்சோறு ஆக்கிப் போடுவா. என்ன மாமா?"

"அந்நியத்துலயா குடுக்கப்போறேன்!" என்றான் சுடலைமணி.

டாக்டர் சொன்னது செவ்வந்தியின் தொண்டை வரை வந்தது. நல்ல நாளில் எதற்கு என்று விழுங்கிவிட்டாள். விழுங்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிள்ளையைக் காணோம் என்று தேடினார்கள். எங்கும் போகவில்லை. கோயிலுக்குப் பின்னால், வெள்ளையடித்த மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"மகிழு."

திரும்பவில்லை. செவ்வந்தி ஓடிப்போய்த் திருப்பினாள். கண் திறந்துதான் இருந்தது. அது எதையும் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சூழ்ந்துகொண்டது. வெயில் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், உண்ட மயக்கம் என்றார்கள். யாரோ தண்ணீர் என்று கத்த, இசக்கிராஜ் கையில் இருந்த செம்போடு ஓடிவந்தான்.

முகத்தில் அடித்தான். பிள்ளை நெளியவில்லை. இமை கூட அசையவில்லை. மறுபடியும் அடித்தான். தண்ணீர் கன்னத்தோரம் வடிந்து தரையில் சொட்டியது. அவன் இன்னும் குனிந்தான். மூன்றாவது தடவை செம்பு சாய்ந்ததில் தண்ணீர் நேராகப் பிள்ளையின் காதுக்குள் இறங்கியது.

மகிழினி தலையைப் படபடவென்று உதறினாள்.

"முழிச்சுட்டா! முழிச்சுட்டா!" என்று கூவினார்கள். "ஒண்ணுமில்லட்டி, மாடன் இருக்கான்!" பெண்கள் குலவையிட்டார்கள். சுடலைமணி மதிலைப் பார்த்துக் கும்பிட்டான். செவ்வந்தி மகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை உதறி ஓய்ந்துவிட்டது. உடம்பு கல்லாகக் கிடந்தது. இசக்கிராஜ் செம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தக் கூட்டத்தில் அண்ணனும் தங்கையும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வண்டிய எடுண்ணே," என்றாள். அவன் ஓடினான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போதே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சொக்கிட்டா டாக்டர்."

"சொக்கிட்டாளா? அது எப்பிடி..." டாக்டர் உடனே குரலை மாற்றிக்கொண்டார். "பதறாதீங்க. உடனே கொண்டாங்க. என்ன சாப்பிட்டா?"

"கடலைப் புண்ணாக்கு," என்றாள் செவ்வந்தி. "ஒரு நாளைக்கு ரெண்டு கும்பா. யாருட்டயும் சொல்லல. மறுநாளு சுவத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு. காதுல தண்ணி விட்டுத்தான் உங்க டாக்டரம்மாட்டக் குடுத்தோம்."

"என்னம்மா சொல்லுதீங்க? நான் பிள்ளையக் கேக்கேன்."

"நானும் பிள்ளையத்தான் டாக்டர் சொல்லுதேன்."